படுக்கையும் தாழ்வாரமும்: முதியோரை நடத்துதல் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மருத்துவமனையை நாம் படுக்கையால் அளக்கிறோம். 200 படுக்கை மருத்துவமனை, 1000 படுக்கை மருத்துவமனை என்றுதான் அரசாணையிலும் திறப்புவிழாக் கல்வெட்டிலும் எழுதுகிறார்கள். நோயாளிகள் நடப்பதற்கு இத்தனை அடி தாழ்வாரம் இருக்கிறது என்று எழுதி நான் எங்கும் பார்த்ததில்லை. கிளினிக் என்ற சொல்லே கிரேக்கத்தில் படுக்கையைக் குறிக்கும் 'கிளினே'யிலிருந்து வந்தது. நவீன மருத்துவம் படுத்திருக்கும் உடலிலிருந்துதான் தன் அறிவைத் திரட்டியது. 1963இல் ஃபூக்கோ எழுதிய நூலைப் படித்துவிட்டு மருத்துவப் 'பார்வை'யைப் பற்றி நாமெல்லாம் நிறையப் பேசினோம். அந்தப் பார்வை விழுவதற்கு வசதியாக உடல் கிடத்தப்பட்டிருப்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

காலால் நடந்து வந்து சேர்ந்த பெரியவர், சளிக்காய்ச்சல் தீர்ந்து பத்து நாளில் வெளியே வரும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியவராக வருகிறார். இது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. 'வயசாயிடுச்சில்ல' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நம் பேச்சுமொழிக்கு இதில் தெளிவான கணக்கு உண்டு. 'நடமாட்டமா இருக்காரு' என்றால் நன்றாக இருக்கிறார்; 'படுத்துட்டாரு' என்றால் கதை முடியப்போகிறது. இரண்டுக்கும் நடுவில் மருத்துவமனை என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

அமெரிக்காவின் சில மருத்துவமனைகளில் வயதான உள்நோயாளிகளுக்கென்று 'கண்காணிப்புடன் கூடிய நடைத் திட்டம்' என்று ஒன்று உருவாகியிருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் தினமும் வந்து, நோயாளியை எழுப்பி, கூடவே நடந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார். அவ்வளவுதான். ஒரு கிழவரைத் தாழ்வாரத்தில் இருபது நிமிடம் நடத்திக் கூட்டிப்போவதற்கு ஒரு திட்டமும், அதற்கு நிதியும், அதை நிரூபிக்க ஆய்வும் ஏன் தேவைப்பட்டன? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம்.

ஓய்வு ஒரு சிகிச்சையாகக் கொள்கைவடிவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை ஆற்றிய உரைகள் 1863இல் நூலாயின. ஓய்வே இயற்கையின் மருத்துவர் என்ற பார்வை அவற்றிலிருந்து பரவியது. ஃபிலடெல்ஃபியாவின் சைலஸ் வெயர் மிட்செல் 1870களில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டு, தனிமைப்படுத்தி, ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்தார். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அதே தளர்ச்சி ஆண்களுக்கு வந்தால் மேற்குப் பகுதிகளுக்குப் போய்க் குதிரை ஏறு, வேட்டையாடு என்று அனுப்பினார். இந்தச் சிகிச்சையில் 1887இல் அகப்பட்டு மீண்ட சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையைப் பெண்ணிய வாசகர்கள் அறிவார்கள். யாரைப் படுக்க வைப்பது, யாரை நடக்க விடுவது என்பது உடலை மட்டும் பார்த்து எடுத்த முடிவாக அன்றைக்கே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மறுப்புக் குரலும் கூடவே இருந்தது. 1899இல் சிகாகோவின் எமில் ரீஸ், வயிற்று அறுவை முடிந்த நோயாளிகளை ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்க விட்டதாக எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறத்தாழ நாற்பது வருஷம் கழித்துப் போர் வந்தபிறகுதான் மருத்துவத்துக்குக் காது கேட்டது. இரண்டாம் உலகப்போரில் படுக்கைக்கும் தட்டுப்பாடு, நர்ஸுக்கும் தட்டுப்பாடு. படுத்திருக்கும் சிப்பாயும் ஆலைத் தொழிலாளியும் சீக்கிரம் திரும்பியாக வேண்டும். டெட்ராய்ட்டின் டேனியல் லைட்ஹவுசர், அறுவை முடிந்தவர்களைச் சீக்கிரமே எழுப்பி நடத்தும் முறையை வலியுறுத்தி எழுதி, 1946இல் நூலாகவே கொண்டுவந்தார். 1944இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முழுப் படுக்கை ஓய்வின் தீய விளைவுகளைப் பற்றி வில்லியம் டாக் எழுதினார். ரத்தக்கட்டு, நுரையீரல் அழற்சி, எலும்புத் தேய்வு, சிறுநீர்க் கல், படுக்கைப் புண் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போனது.

1947 டிசம்பரில் லண்டனின் ரிச்சர்ட் ஆஷர் 'படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள்' என்ற கட்டுரையைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாகப் படுக்கை எப்படி உடலைக் கெடுக்கிறது என்று நகைச்சுவையும் கோபமுமாகச் சொல்லிக்கொண்டு போய், ஒரு தேவாலயப் பாடலைக் கேலியாகத் திருப்பி முடிக்கிறார். மருத்துவ இதழ்களில் இவ்வளவு உயிருள்ள உரைநடை அபூர்வம். ஆக, அறிவு இல்லாமல் நடந்த தவறு என்று யாரும் சொல்ல முடியாது. 1947லேயே எல்லாம் அச்சில் இருந்தது.

1966இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் திரும்ப அழைத்து அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய உடலின் உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. 2007இல் வெளியான இன்னொரு சோதனையில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கால்தசையில் ஏறத்தாழ ஒரு கிலோ இழந்தார்கள். வயசு எடுத்துக்கொண்டதையும் படுக்கை எடுத்துக்கொண்டதையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

சிப்பாய்க்குக் கிடைத்த கால், கிழவருக்கு ஏன் கிடைக்கவில்லை? போர்க்காலத்தில் நோயாளியை எழுப்பியது வெறும் கருணை அல்ல. அந்தக் கால்களின் உழைப்பு யாருக்கோ தேவைப்பட்டது. உழைப்புச் சந்தையை விட்டு வெளியேறிவிட்ட உடலின் கால்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. இதை நிரூபிப்பதுபோல ஒரு கட்டடம் இங்கிலாந்தில் இருந்தது. அதை மாற்றிக் காட்டிய ஒரு பெண்ணும் இருந்தார்.

1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் இங்கிலாந்தில் ஏழைகளை வறியோர் இல்லங்களுக்குள் தள்ளியது. காலப்போக்கில் அவற்றின் மருத்துவப் பிரிவுகள் வயதான ஏழைகளைப் போட்டுவைக்கும் கிடங்குகளாயின. 1929இல் சட்டம் மாறி, இவை உள்ளாட்சிகளின் கைக்கு வந்தன. 1935இல் லண்டனுக்கு மேற்கே ஐசல்வொர்த்தில், வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை தன் பக்கத்திலிருந்த அப்படிப்பட்ட ஒரு கிடங்கை ஏற்றுக்கொண்டது. அங்கே கிடந்தவர்கள் 714 பேர். அவர்களைப் பார்க்கும் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது.

வாரன் முதலில் செய்த காரியம் ஒவ்வொருவரையும் பரிசோதித்ததுதான். பக்கவாதம் வந்தவர், மூட்டு பிடித்துப்போனவர், மனக்குழப்பம் உள்ளவர், போக வீடில்லாதவர் எல்லாரும் ஒரே வரிசையில் கிடந்தார்கள். முறையான நோய்க்கணிப்பு பலருக்குச் செய்யப்பட்டதே இல்லை. வாரன் அவர்களை வகை பிரித்தார். வகைப்படுத்தலை அதிகாரத்தின் கருவியாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடமான இடம். அந்த வார்டில் அடக்குமுறையாக இருந்தது வகைபிரிக்காமல் விட்டதுதான். 'நாட்பட்ட நோயாளி' என்ற ஒரே பெயருக்குள் 714 வாழ்க்கைகள் கரைந்துபோயிருந்தன.

பிறகு வார்டுக்கு வண்ணம் பூசினார், வெளிச்சம் கூட்டினார், கைப்பிடிகள் வைத்தார். எழுந்து உட்கார வைத்தார், நிற்க வைத்தார், நடக்க வைத்தார். பல வருஷமாகப் படுத்த படுக்கையாக எழுதப்பட்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் நடந்தே வெளியே போனார்கள். 714 படுக்கை 240ஆகக் குறைந்தது. 1943இலும் 1946இலும் அவர் எழுதிய கட்டுரைகளில் கேட்டது, முதியவர்களுக்குப் பொது மருத்துவமனைக்குள்ளேயே இடம் வேண்டும், நோய்க்கணிப்பு வேண்டும், மீட்புப் பயிற்சி வேண்டும் என்பதைத்தான். 1948இல் பிறந்த பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்குள் முதியோர் மருத்துவம் தனித்துறையாக உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1960இல் கார் விபத்தொன்றில் இறந்தார். ஃபூக்கோவை மேற்கோள் காட்டுகிற நாம் வாரனை அறியாமல் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அடைத்துவைத்ததன் வரலாற்றை எழுதுவதில் இருக்கும் கவர்ச்சி, கதவைத் திறந்தவர்களின் வரலாற்றுக்குக் கிடைப்பதில்லை.

இனி அமெரிக்காவுக்கு வரலாம். போர்க்காலப் பாடம் அறுவை வார்டில் தங்கிவிட்டது. 1952இல் லெவினும் லௌனும் மாரடைப்பு நோயாளிகளைக்கூடப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றலாம் என்று எழுதியபிறகு, வாரக்கணக்கில் அசையாமல் கிடத்தும் வழக்கம் மெல்ல மெல்ல உடைந்தது. பொது மருத்துவ வார்டில் கிடக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் மட்டும் இந்தப் பாடம் வந்து சேரவில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் சிந்தியா பிரவுனும் அவருடைய குழுவும் இதை எண்ணிக் காட்டினார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய ஆய்வு எழுபது வயதைத் தாண்டிய 498 பேரைப் பற்றியது. அதில் மிகக் குறைவாக நடமாடிய பிரிவினர் படுக்கையிலேயே இருக்க வைக்கப்பட்ட தருணங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் குறிப்பேட்டில் இல்லை. காரணமில்லாமல் கிடத்தப்பட்டிருந்தார்கள், அல்லது எழுதத் தேவையில்லாத அளவுக்குக் காரணம் இயல்பாகிவிட்டிருந்தது.

2009இல் வெளியான ஆய்வில் 45 முன்னாள் படைவீரர்களின் காலில் அசைவைப் பதியும் சிறு கருவிகளைக் கட்டினார்கள். எல்லாரும் நோய்க்கு முன் சொந்தக் காலில் நடந்தவர்கள். மருத்துவமனையில் இருந்த நேரத்தில் 83 சதவீதத்தைப் படுத்தே கழித்திருந்தார்கள். நின்றதும் நடந்ததும் சேர்த்து நாளுக்குச் சுமார் 43 நிமிடம். இளம் வயதில் அணிவகுத்து நடக்க வைத்த அதே அரசின் மருத்துவமனையில்தான் இந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. இதே குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவாரசியமானது. நோயாளிகள் ஏன் நடப்பதில்லை என்று கேட்டபோது மருத்துவர்களும் செவிலியரும் 'அவங்களுக்கே ஆர்வம் இல்லை' என்றார்கள். நோயாளிகளோ அதை அநேகமாகச் சொல்லவே இல்லை. உடல் தளர்ச்சி, வலி, கையில் சலைன் குழாய், சிறுநீர்க் குழாய், விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்று சொன்னார்கள். குழாயால் கட்டிலில் பிணைத்துவிட்டு, எழுந்திருக்க மனமில்லை என்று எழுதுவது காலனிய அதிகாரிகள் 'சோம்பேறிச் சுதேசி'யைப் பற்றி எழுதியதற்கு ரொம்பத் தூரம் இல்லை.

விழும் பயத்துக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. 1983 முதல் முதியோருக்கான அரசுக் காப்பீடு, நோயின் பெயருக்கு இவ்வளவு என்று நிலையான தொகையை மருத்துவமனைகளுக்குத் தர ஆரம்பித்தது. எத்தனை நாள் கிடந்தாலும் ஏறத்தாழ அதே தொகை. ஆகவே சீக்கிரம் அனுப்பு. 2008 அக்டோபரிலிருந்து இன்னொரு விதி வந்தது: மருத்துவமனைக்குள் விழுந்து காயம்பட்டால் அந்தக் காயத்துக்கான கூடுதல் செலவைக் காப்பீடு தராது. நல்ல நோக்கமுள்ள விதிதான். ஆனால் விழாமல் இருக்க மிக மலிவான வழி எழாமல் இருப்பது. 'பெரியவரே, எழுந்திருக்காதீங்க, பெல் அடிங்க' என்பது வார்டின் தாரக மந்திரமானது. நோயாளி அசைந்தால் அலறும் கருவியைப் படுக்கைக்கு அடியில் வைத்தார்கள். இந்தக் கருவிகளை அதிகம் பயன்படுத்தியும் விழுவது குறையவில்லை என்று 2012இல் ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில் நடந்த ஆய்வு காட்டியது. வார்டுக்குள் ஒருவர் விழுந்தால் அது மருத்துவமனையின் கணக்கில் ஏறும். படுத்துப் படுத்துக் கால் போய், வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தால் யார் கணக்கிலும் ஏறாது.

இந்தப் பின்னணியில்தான் நடைத் திட்டங்கள் வருகின்றன. 1993இல் ஏல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனூயேயின் குழு தொடங்கிய திட்டத்தில் நடத்துவது ஒரு பகுதி. நாள்தோறும் மூன்று வேளை நடப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் கையெட்டும் தூரத்தில் இருக்கச் செய்வது, இரவில் தூங்க விடுவது, இன்றைக்கு என்ன கிழமை என்று பேசிக்கொண்டிருப்பது. 852 பேரை வைத்து 1999இல் வெளியான முடிவில், மருத்துவமனையில் முதியவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதில் மருந்து எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவும். செய்தவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள் என்பதையும்.

வட கரோலினாவின் டர்ஹாமில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை வேறு மாதிரி செய்தது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வந்து நடையையும் சமநிலையையும் சோதிப்பார். பிறகு அதற்கென்று நியமிக்கப்பட்ட உதவியாளர் தினமும் இருபது நிமிடம் வரை நடத்துவார். 2014இல் வெளியான முடிவில், நடத்தப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் வீட்டுக்குப் போனார்கள். ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் 74 சதவீதம். மிச்சப்பேர் பெரும்பாலும் போவது பராமரிப்பு இல்லங்களுக்கு. இது வாரனின் பழைய கணக்கேதான், எண்பது வருஷம் கழித்து. தனியார் மருத்துவமனைகளை விட்டுப் படைவீரர் மருத்துவமனைகளில் இது வேரூன்றியதற்குக் காரணம், அங்கே நோயாளி வெளியேறிய பிறகும் அவரது செலவில் ஒரு பங்கு அதே அரசின் தலையில் விழுகிறது என்பதாக இருக்கலாம் என்பது என் ஊகம். யாருக்கோ இந்தக் கால்கள் திரும்பத் தேவைப்படுகின்றன.

பர்மிங்ஹாம் குழு 100 பேரை வைத்து நடத்திய சோதனை 2016இல் வெளியானது. அதில் எனக்கு முக்கியமாகப்படுவது அவர்கள் எடுத்துக்கொண்ட அளவை. எத்தனை அடி நடந்தார் என்று அளக்கவில்லை. மருத்துவமனையை விட்டு ஒரு மாதம் கழித்து, படுக்கையறையைத் தாண்டி எதுவரை போகிறார் என்று கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயா, வாசல் திண்ணை வரையா, தெரு வரையா, ஊருக்குள்ளா, ஊரைத் தாண்டியா. யார் துணையோடு, எத்தனை முறை. இதை 'வாழ்வெளி' என்று சொல்லலாம். நடத்தப்பட்டவர்களின் வாழ்வெளி அப்படியே இருந்தது, நடத்தப்படாதவர்களுக்குச் சுருங்கியிருந்தது. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பழைய அளவையோடு மட்டும் நின்றிருந்தால் 'பயனில்லை' என்று எழுதி மூடியிருப்பார்கள். டீக்கடை வரை, கோயில் வரை, தோழர் வீடு வரை போய் வர முடியாமல் போவதை நோய் என்று எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை. பர்மிங்ஹாமில் இந்த அளவை பிறந்தது பொருத்தம்தான். 1963இல் எந்தத் தெரு வரை யார் நடக்கலாம் என்பதை நாயும் தண்ணீர்க் குழாயும் கொண்டு தீர்மானிக்கப் பார்த்த ஊர் அது.

தோழர்கள் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 'கண்காணிப்பு', 'திட்டம்', 'பயிற்சி' — உடலை ஒழுங்குபடுத்தும் அதே பழைய சொல்லாடல்தானே, இடுப்பில் பட்டை கட்டி நடத்துவதில் என்ன விடுதலை என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் கண்காணிப்பு எல்லாம் ஒன்றல்ல. படுக்கைக்கு அடியில் இருக்கும் அலறும் கருவி யாரும் அருகில் வராமலே கண்காணிக்கிறது. நடத்துபவர் நோயாளியின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாக வேண்டும். பட்டையைப் பிடித்த கையில் அவருடைய எடையை உணர்ந்தாக வேண்டும். சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டே பேச்சும் கொடுக்க வேண்டும். இது உழைப்பு. முதலாவது, உழைப்பை மிச்சம்பிடிப்பதற்கான ஏற்பாடு. இரண்டையும் ஒரே சொல்லால் விமர்சித்தால் நிர்வாகத்துக்குத்தான் வசதி.

யாருடைய உழைப்பு என்பதும் கேட்க வேண்டியதே. அமெரிக்கச் செவிலியரிடம் உங்களால் செய்ய முடியாமல் விடுபட்டுப்போகும் வேலைகள் எவை என்று பியாட்ரிஸ் காலிஷ் விசாரித்து 2006இல் வெளியிட்ட பட்டியலில் நோயாளியை நடத்துவதுதான் முதலில் நிற்கிறது. மாத்திரை கொடுக்காவிட்டால் பதிவேட்டில் காலியிடம் தெரியும், நடத்தாவிட்டால் தெரியாது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் இந்த வேலை மகளுக்கும் மருமகளுக்கும் போய்ச் சேர்கிறது. கழிவறை வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது அவர்கள்தான். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே போகச் சொல்லி விரட்டப்படுவதும் அவர்கள்தான். அங்கே கூலியில்லாத தொண்டர், இங்கே கூலியில்லாத மருமகள்.

2020இல் கொள்ளைநோய் வந்தபோது தொண்டர்களை மருத்துவமனைக்குள் விட முடியாமல் போனது. இனூயேயின் திட்டம் பல இடங்களில் முடங்கி, நேரில் வராமல் செய்யக்கூடிய மாற்றுவடிவம் ஒன்றைத் தயாரிக்க வேண்டிவந்தது. முதியவர்கள் அறைக்குள் அடைபட்டார்கள், குடும்பமும் வெளியே நின்றது. டர்ஹாம் திட்டம் எட்டுப் படைவீரர் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டு 2023இல் முடிவு வந்தது. பராமரிப்பு இல்லங்களுக்குப் போனவர்கள் குறைந்திருந்தார்கள். மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. தங்கும் நாளைக் குறைப்பதில் லாபம் பார்க்கும் நிர்வாகி இரண்டாவது வரியைப் படிப்பார். வீட்டுக்குப் போனவர் முதல் வரியில் இருக்கிறார். நடத்திக் கூட்டிப்போகும் உதவியாளரின் சம்பளத்தை எந்த வரியைப் படித்துவிட்டு முடிவு செய்வார்கள் என்பதில்தான் ஒவ்வொரு மருத்துவமனையிலும் சண்டை.